கூடாரத்தில் கிடைக்கும் விடைகள்: நெருக்கடிக் கால மருத்துவ ஆய்வு, ஓர் எளிய அறிமுகம்

மருத்துவ நூல்களிலும் மருத்துவமனைகள் பின்பற்றும் சிகிச்சை நெறிகளிலும் எழுதப்படாத சில நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. மின்சாரம் தடையின்றி வரும். இரத்தத்தைப் பரிசோதிக்க ஓர் ஆய்வகம் அருகில் இருக்கும். மருந்தைக் குளிரில் வைக்க வசதி உண்டு. நோயாளி அடுத்த வாரமும் அதே முகவரியில் இருப்பார். போராலோ பஞ்சத்தாலோ பெருவெள்ளத்தாலோ இலட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து ஓரிடத்தில் நெருக்கியடித்து வாழ நேரும்போது இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒரேயடியாக இல்லாமற்போகின்றன. அந்நிலையில் எந்தச் சிகிச்சை பலிக்கும், எதை எவ்வளவு எளிமைப்படுத்தலாம், எதை எளிமைப்படுத்தினால் உயிர் போகும் என்பதைக் கண்டறிவதே மனிதாபிமான நெருக்கடிகளில் நடத்தப்படும் மருத்துவ ஆய்வின் வேலை.

இத்துறைக்குப் புதியவர்கள் முதலில் ஒரு பொது எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். போரில் மக்கள் குண்டடி பட்டே இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஏழை நாடுகளில் இடம்பெயர்ந்தோர் இறப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா, மலேரியா ஆகிய பழைய நோய்களும் அவற்றுக்கு வழி திறந்துவிடும் ஊட்டச்சத்துக் குறைபாடும்தான். இதையே ஆய்வுகள்தாம் சொல்லித் தந்தன. புதிதாக அமைந்த முகாமில் உணவும் நீரும் வழங்கும் அதே நாட்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும் என்று இன்று விதியாக இருக்கிறதென்றால், அதற்கு 1970களிலும் 1980களிலும் முகாம்களில் இறந்த குழந்தைகளைப் பற்றி எடுக்கப்பட்ட கணக்குகளே காரணம்.

உயிருக்குப் போராடும் மக்களிடையே ஆய்வு எதற்கு, அந்தப் பணத்தையும் ஆட்களையும் சிகிச்சைக்கே செலவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு, எழவும் வேண்டும். இதற்கு இத்துறையில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அமைதியான சூழலில் விடை காணக்கூடிய ஒரு கேள்வியை நெருக்கடியில் வாழும் மக்களிடம் கொண்டுபோகக் கூடாது. அங்கே மட்டுமே விடை கிடைக்கும் கேள்வியைத்தான் அங்கே கேட்க வேண்டும். கிடைத்த விடையின் பயனும் அதே மக்களுக்குத் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டு பகுதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த ஆய்வு தேவையானது, எது சுரண்டல் என்பதைப் பிரித்துப் பார்ப்பது பெருமளவு எளிதாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணுவதுதான் முதல் ஆய்வு

ஒரு முகாமில் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை எப்படி அறிவது? புகைப்படங்கள் மனத்தை உலுக்கும், ஆனால் அளவைச் சொல்லா. அதற்காகப் பயன்படுத்தப்படும் அடிப்படை அளவு, 10,000 பேருக்கு ஒரு நாளில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதாகும். இந்த எண் 1ஐ எட்டினால் அவசரநிலை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த எல்லை 2.

எண் சிறியதாகத் தோன்றலாம். 50,000 பேர் வாழும் முகாமில் நாள்தோறும் 5 பேர் இறந்தால் வாரத்துக்கு 35 பேர், ஆண்டுக்கு 1,800க்கும் மேற்பட்டோர். இப்போது அந்த முகாமில் ஒரு நாளில் 12 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீதம் 2.4. ஆனால் உணவுப் பங்கீட்டு அட்டைகள் சிலரிடம் இரண்டாகவும் மூன்றாகவும் இருப்பதால் பதிவேட்டில் மக்கள்தொகை 80,000 என்று இருந்தால், அதே 12 இறப்புக்கு வீதம் 1.5 ஆகக் குறைந்துவிடும். இறந்தவர்களைச் சரியாக எண்ணியும், உயிரோடிருப்பவர்களைத் தவறாக எண்ணியதால் பேரழிவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகத் தெரியும். அதனால்தான் கொள்ளைநோயியல் ஆய்வாளர்கள் முகாமுக்குள் நுழைந்ததும் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன் இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து எல்லை கடந்த மக்கள் அப்போது ஜயர் என்றழைக்கப்பட்ட நாட்டின் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரைச் சுற்றிக் குவிந்தபோது நடந்தது இத்துறையின் மறக்க முடியாத பாடம். எரிமலைப் பாறை நிலத்தில் கழிப்பறைக் குழி தோண்டவும் முடியவில்லை, இறந்தவரைப் புதைக்கவும் முடியவில்லை. காலராவும் அதைத் தொடர்ந்து சீதபேதியும் பரவின. முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர் என்றும், இறப்பு வீதம் 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 35 வரை இருந்தது என்றும் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பதிவேடுகள் இல்லாத இடத்தில் சாலையோரங்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட உடல்களின் எண்ணிக்கையையும் குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்பையும் கொண்டே இதைச் செய்ய முடிந்தது. இந்தக் கணக்கு வெளியான பிறகு, உதவி அமைப்புகள் தங்கள் பணிக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் நீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்றெல்லாம் வரையறுக்கும் ஸ்ஃபியர் தரங்கள் 1997இல் தொடங்கிய முயற்சியின் விளைவு.

பதிவேடு இல்லாத நிலப்பரப்பில் இறப்பை மதிப்பிட, ஊர்களைக் குழுக்களாகப் பிரித்து, அவற்றுள் சிலவற்றைத் தற்செயலாகத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளுக்குச் சென்று, குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்பது வழக்கம். கேட்கும்போது மாதத்தின் பெயரைச் சொல்வதைவிட ஒரு பண்டிகையையோ அறுவடையையோ எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் ஒரு தாக்குதலையோ எல்லைக்கோடாகச் சொன்னால் நினைவு பிழைபடுவது குறையும். இம்முறையில் தீர்க்க முடியாத ஒரு குறை உண்டு: குடும்பமே முழுமையாக அழிந்துபோன வீட்டில் கதவைத் திறந்து பதில் சொல்ல எவரும் இருப்பதில்லை. ஆகவே மிகக் கொடிய இடங்களில் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

எதிர்ப்பக்கமும் தவறு நேரலாம். கொங்கோ ஜனநாயகக் குடியரசில் 1998 முதல் 2007 வரை போரின் விளைவாக 54 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்று சர்வதேச மீட்புக் குழு என்ற அமைப்பு மதிப்பிட்டது. இந்த எண் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. கூடுதல் இறப்பு என்றால், போர் இல்லாதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ அதைக் கழித்த மீதி. போருக்கு முந்தைய வீதத்தைத் துல்லியமாக அறிய வழியில்லாததால் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். கொங்கோவின் அடிப்படை நிலை அந்தச் சராசரியைவிட மோசமாக இருந்திருக்கும், எனவே கழிக்கப்பட்ட எண் மிகச் சிறியது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பும் நேர்மையானவையே. கழிக்கும் எண் சிறிது மாறினால் விடை இலட்சக்கணக்கில் மாறுகிறது. போர் இறப்புகளைப் பற்றிய செய்தியைப் படிக்கும் எவரும் தலைப்பிலுள்ள எண்ணோடு நிறுத்தாமல், எதிலிருந்து எது கழிக்கப்பட்டது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

பற்றாக்குறை கற்றுத்தந்த சிகிச்சை

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரிலிருந்து தப்பிய ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியபோது அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனபிஸ் எதிர்கொண்ட சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியது. காலராவில் உடல் நீரையும் உப்பையும் மணிக்கணக்கில் இழந்துகொண்டே இருக்கும். இழந்ததை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் நோயாளி பிழைப்பார். ஏற்றுவதற்கான நீர்மமும் அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த நீரைக் குடித்தாலே குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது டாக்காவிலும் கொல்கத்தாவிலும் நடந்த மருத்துவமனை ஆய்வுகளில் முன்பே தெரிந்திருந்தது. ஆனால் பயிற்சி பெற்ற செவிலியர் அளந்து கொடுத்து, ஒவ்வொரு மணியும் கண்காணித்த நிலையில் தெரிந்தது அது. முகாமில், சேற்றுத் தரையில், தாயோ தமையனோ கோப்பையால் ஊட்டினால் அது பலிக்குமா என்பதை யாரும் அறியவில்லை.

ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொடியைக் கொல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து, உறவினர்களிடம் கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார்கள். மற்ற இடங்களில் நோயாளிகளில் 30 விழுக்காடு வரை இறந்துகொண்டிருந்த நிலையில், இக்கரைசலைப் பயன்படுத்திய இடத்தில் அது 3.6 விழுக்காடாகக் குறைந்தது. முடிவு 1973இல் வெளியானது.

ஆய்வு முறை என்ற கண்ணோடு பார்த்தால் இதில் குறைகள் உண்டு. நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. ஒரே காலத்தில் ஒரே இடத்தில் ஒப்பீடு நடக்கவில்லை. ஆயினும் வேறுபாடு மிகப் பெரியது, அதற்கான உடலியல் விளக்கம் முன்பே நிறுவப்பட்டது, மாற்று வழி என்பதே அங்கே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால் அந்த முடிவை நம்ப முடிந்தது. உலக சுகாதார அமைப்பு இக்கரைசலைப் பின்னர் உலகெங்கும் பரப்பியது. இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த மரபில் வந்ததுதான். செவிலியர் இல்லாத இடத்தில் செவிலியரின் வேலையைக் குடும்பத்தாரே செய்ய முடியும் என்பதை அந்த முகாம் காட்டியது என்பதையே நான் அதன் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன்.

இதே வகைக் கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்சுலினைப் பற்றி எழுந்தது. இன்சுலினைத் திறந்த பிறகும் குளிரிலோ 25 பாகை செல்சியஸுக்கு மிகாத வெப்பத்திலோதான் வைக்க வேண்டும் என்று நெறிகள் சொல்கின்றன. வடக்குக் கென்யாவின் ததாப் முகாமில் கூடாரங்களில் குளிர்பதனப் பெட்டி இல்லை. பகலில் வெப்பம் 37 பாகையை எட்டும். விளைவு என்னவென்றால், சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு ஊசிக்கும் நாளுக்கு இரண்டு முறை மருத்துவமனைக்கு வந்து போக வேண்டும்; அப்படி வாழ்நாள் முழுவதும். வேலை, பள்ளி, பயணம் எல்லாம் அந்த ஊசியைச் சுற்றியே அமைந்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, அம்முகாமின் இரவு பகல் வெப்பநிலையை ஆய்வகத்தில் அப்படியே உருவாக்கி, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரங்கள் இன்சுலினை வைத்துச் சோதித்தன. அதன் ஆற்றல் குளிரில் வைத்ததற்கு நிகராகவே இருந்தது. 2021இல் வெளியான இந்த முடிவின் பொருள், நோயாளி புட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது. புதிய மருந்து எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய மருந்தைப் பற்றி அதிகம் கேட்கப்படாத ஒரு கேள்வி கேட்கப்பட்டது, அவ்வளவுதான். இத்தகைய ஆய்வுகளுக்குக் கிடைக்கும் கவனமும் நிதியும் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

ஊட்டச்சத்துத் துறையிலும் இப்படியே நடந்தது. கடும் மெலிவு கொண்ட குழந்தைக்குக் கொடுக்கும் மருத்துவப் பாலைச் சுத்தமான நீரில் கரைக்க வேண்டியிருந்ததால், குழந்தையும் தாயும் வாரக்கணக்கில் உணவூட்டு மையத்திலேயே தங்க நேர்ந்தது. மையத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே சிகிச்சை கிடைத்தது. 1990களின் பிற்பாதியில் நிலக்கடலைப் பசையைக் கொண்டு, நீர் சேர்க்காமல் உறையிலிருந்தே உண்ணக்கூடிய உணவு உருவாக்கப்பட்டதும், பெரும்பாலான குழந்தைகளை வீட்டிலேயே தேற்றலாம் என்பதைக் கள ஆய்வுகள் காட்டின. 2007இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப் முதலிய அமைப்புகளும் அதைக் கூட்டாக ஏற்றுக்கொண்டன. மேற்கையின் நடுச்சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கடும் மெலிவு என்று காட்டும் வண்ண நாடாவைத் தாய்மார்களே நம்பகமாகப் பயன்படுத்த முடியும் என்பதும் நைஜரில் சோதித்தறியப்பட்டதே.

ஒப்பிடாமல் அறிய முடியுமா?

ஒரு மருந்து பலன் தருகிறதா என்பதை அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அதைக் கொடுத்து மற்றொன்றோடு ஒப்பிடுவதே உறுதியான வழி. மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்தால், அறியாமலேயே பிழைக்கக்கூடியவர்களை ஒரு பக்கமும் தேறாதவர்களை மறுபக்கமும் சேர்த்துவிடக்கூடும். குலுக்கல் அந்தச் சாய்வைத் தடுக்கிறது. பாதிப் பேர் இறக்கும் கொள்ளைநோயில், உதவக்கூடிய மருந்தைச் சிலருக்கு மறுப்பது எப்படி நியாயம் என்ற கேள்வியை இம்முறை உடனே எழுப்புகிறது. எபோலாவின் வரலாறு இக்கேள்விக்குத் தந்த விடைகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

1995இல் அன்றைய ஜயரின் கிக்விட் நகரில் எபோலா பரவி, நோயுற்றவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரைக் கொன்றது. கொங்கோ மருத்துவர் ழான்-ழாக் முயெம்பேயும் அவருடைய சக மருத்துவர்களும், பிழைத்தவர்களின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருக்கும் என்று எண்ணி, அதை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். எழுவர் பிழைத்தனர். ஆனால் ஒப்பிட ஒரு குழு இல்லை. அவர்கள் நோயின் கடைசிக் கட்டத்தைக் கடந்து, எப்படியும் பிழைத்திருக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் என்றும், அவர்களுக்குக் கிடைத்த சிறந்த பராமரிப்பே காரணமாகலாம் என்றும் சொல்ல இடமிருந்தது. பலர் அப்படியே சொல்லி ஒதுக்கினார்கள்.

2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியெரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா 28,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 11,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, அதே சிக்கல் பெரிய அளவில் திரும்பியது. கினியில் ஃபாவிபிரவிர் என்ற மருந்தை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 126 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எவருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஆய்வு முடிந்தபோது அம்மருந்து பலன் தருமா என்பது அடுத்த நோயாளிக்கும் தெரியாமலே போயிற்று. மற்ற மருந்துகளுக்கான சோதனைகள் பலவும், ஒப்புதல்களும் ஏற்பாடுகளும் முடியும் முன்பே நோய் தணியத் தொடங்கியதால், போதிய நோயாளிகள் இன்றி விடையளிக்காமல் முடிந்தன.

தடுப்பூசிக்கு மட்டும் ஓர் அழகான வழி கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் கினியில், ஒருவருக்கு எபோலா உறுதியானதும் அவரோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் அனைவரையும் ஒரு வளையமாகக் கணக்கிட்டார்கள். குலுக்கல் முறையில் சில வளையங்களுக்கு உடனடியாகவும் மற்றவற்றுக்கு 21 நாட்கள் கழித்தும் தடுப்பூசி போடப்பட்டது. அந்த 21 நாட்கள், தொற்றிய பின் நோய் வெளிப்பட எடுக்கும் அதிகபட்சக் காலம். எவருக்கும் ஊசி மறுக்கப்படவில்லை, காலம்தான் வேறுபட்டது. உடனடியாக ஊசி பெற்ற வளையங்களில் 10 நாட்களுக்குப் பிறகு ஒருவருக்குக்கூட எபோலா வரவில்லை என்பதைக் கண்டதும், தாமதக் குழுவைக் கைவிட்டு எல்லாருக்கும் உடனே போட்டார்கள். 2018இல் கிழக்குக் கொங்கோவில் பெரும் பரவல் தொடங்கியபோது இத்தடுப்பூசி கையில் இருந்தது. அங்கே 3,00,000க்கும் மேற்பட்டோருக்கு அது போடப்பட்டது.

அந்தப் பரவலின் நடுவேதான் கிக்விட் கேள்விக்கும் விடை கிடைத்தது. 1995இல் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு எடுக்கப்பட்ட எதிர்ப்பணுக்களைக் கொண்டு ஒரு மருந்து உருவாக்கப்பட்டிருந்தது. அதையும் வேறு மூன்று மருந்துகளையும் 2018 நவம்பரில் தொடங்கிய பாம் என்ற சோதனையில், முயெம்பேயின் தலைமையில், குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கில் ஏதேனும் ஒன்று கிடைக்கும். வெறும் நீர் ஊசி எவருக்கும் இல்லை. ஆயுதக் குழுக்கள் நடமாடிய பகுதி அது; 2019 பிப்ரவரியில் கட்வா, புட்டெம்போ ஆகிய இடங்களிலிருந்த சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. அதற்கிடையிலும் 681 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள்.

தரவுகளை இடையிடையே பார்க்கும் தனிக் குழுவொன்று, ஆகஸ்டில், கிக்விட்டில் பிழைத்தவரின் எதிர்ப்பணுக்களிலிருந்து வந்த மருந்து உட்பட இரண்டு மருந்துகள் தெளிவாக மேம்பட்டவை என்று கண்டு மற்ற இரண்டையும் நிறுத்தச் சொன்னது. இறுதிக் கணக்கில், மேம்பட்ட இரண்டிலும் இறப்பு 35.1, 33.5 விழுக்காடு, மற்றவற்றில் 49.7, 53.1. உடலில் வைரஸ் குறைவாக இருக்கும்போதே மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் இறந்தார். போர்ச்சூழலில் தரமான ஒப்பாய்வு நடத்த முடியாது என்று சொல்லப்பட்டு வந்ததற்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்புதலும் பயனும்

மருத்துவம் பார்க்க ஒரே ஒரு கூடாரம்தான் இருக்கிறது. அங்கிருப்பவரே ஆய்விலும் சேர்கிறீர்களா என்று கேட்கிறார். மறுத்தால் சிகிச்சையும் உணவு அட்டையும் போய்விடுமோ என்ற அச்சம் நோயாளிக்கு எழாமலிருக்காது. காகிதத்தில் வாங்கும் கையொப்பம் இந்த அச்சத்தை நீக்காது. மறுத்தாலும் அதே சிகிச்சை கிடைக்கும் என்பதை நோயாளியின் மொழியில், சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர் விளக்குவதும், சமூகத்தின் பெரியவர்களோடும் பெண்களோடும் முன்பே கலந்து பேசுவதும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி ஒருவரை உடன்வைத்துக்கொள்வதும் அதனால்தான் நெறிகளாயின.

இந்த நெறிகள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் கானோ நகரம் சான்று. 1996இல் மூளையுறை அழற்சி கொள்ளைநோயாகப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் ட்ரோவாஃப்ளாக்சசின் என்ற புதிய மருந்தை 100 குழந்தைகளுக்கும் ஒப்பீட்டுக்காக வேறொரு மருந்தை 100 குழந்தைகளுக்கும் கொடுத்துச் சோதித்தது. மொத்தம் 11 குழந்தைகள் இறந்தனர். அதே மருத்துவமனையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வழக்கமான மருந்தால் இலவசமாகச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தது. தங்கள் பிள்ளைகள் சோதனையில் சேர்க்கப்பட்டதே தெரியாது என்று குடும்பங்கள் குற்றம்சாட்டின. நிறுவனம் அதை மறுத்தது, இறப்புகளுக்கு நோயே காரணம் என்றது. 2009இல் கானோ மாநில அரசோடு 7.5 கோடி டாலர் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. 2003இல் கானோவில் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியை மக்கள் மறுத்தபோது, அந்த அவநம்பிக்கைக்கு இச்சோதனையின் நினைவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஓர் ஆய்வு இழந்த நம்பிக்கைக்கு அதில் கலந்துகொள்ளாத குழந்தைகளும் விலை கொடுத்தார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001இல் தனக்கென ஒரு சுயேச்சையான நெறிமுறைக் குழுவை அமைத்தது. ஆய்வு நடக்கும் நாட்டின் குழுவும் தனியே ஒப்புதல் தர வேண்டும். கொள்ளைநோய் சில வாரங்களே நீடிக்கும் என்பதால், பரவல் தொடங்குமுன்பே ஆய்வுத் திட்டத்தின் பொதுப்பகுதியை எழுதி ஒப்புதல் பெற்று வைக்கும் வழக்கமும் இப்போது பெருகிவருகிறது.

பயன் திரும்புவது பற்றிய வாக்குறுதி இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. பாம் சோதனையில் வென்ற இரண்டு மருந்துகளுக்கும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2022இல் உலக சுகாதார அமைப்பு அவற்றைப் பரிந்துரைத்தது. ஆனால் உலகிலுள்ள இருப்பின் பெரும்பகுதி அமெரிக்க அரசின் பாதுகாப்புக் கிடங்கில் இருப்பதையும், பின்னர் எபோலா கண்ட ஆப்பிரிக்க நோயாளிகளில் பலருக்கு அவை கிடைக்காததையும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சுட்டிக்காட்டியது. கொங்கோ மக்களின் இரத்தத்திலிருந்து பிறந்து, கொங்கோ மக்களிடமே சோதிக்கப்பட்ட மருந்து கொங்கோவில் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும் என்பது சோதனை தொடங்குமுன் எழுத்தில் இருக்க வேண்டிய ஒப்பந்தம். பிறகு கேட்டுப் பெறும் சலுகையாக அதை விட்டுவைப்பது நியாயமாகாது.

மாறாக நடந்ததும் உண்டு. தாய்லாந்து–மியன்மார் எல்லையில் கரேன் அகதிகள் வாழ்ந்த ஷொக்லோ முகாமில் 1986இல் தொடங்கிய மலேரியா ஆய்வுப் பிரிவு, ஒரு மருந்தை அடுத்து இன்னொன்று பயனற்றுப்போவதைக் கண்டு, 1994 முதல் மெஃப்ளோகுயினையும் ஆர்ட்டிசுனேட்டையும் இணைத்துக் கொடுத்தது. பலன் முதலில் அம்முகாம்களிலேயே தெரிந்தது. பின்னர், ஆர்ட்டிசுனேட் போன்ற ஆர்ட்டிமிசினின் வகை மருந்தை இன்னொன்றோடு சேர்த்த கூட்டு மருந்துகள் உலகெங்கும் மலேரியாவின் முதன்மைச் சிகிச்சையாயின. அந்த ஆய்வாளர்கள் தரவு திரட்டிக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. பல பத்தாண்டுகளாக அதே மக்களுக்குப் பிரசவமும் காய்ச்சலும் பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தார்கள்.

இப்போது கேட்கப்படும் கேள்விகள்

முகாம் என்றால் கொள்ளைநோய் என்ற பழைய சித்திரம் போதாது. நெருக்கடிகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் மன உளைச்சலும் முகாம்களின் அன்றாட நோய்கள். மனநல மருத்துவரே இல்லாத இடத்தில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் ஐந்து அமர்வுகளில் அளிக்கும் உளவியல் உதவி பலன் தருவதை பாகிஸ்தானின் பெஷாவரில் நடந்து 2016இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. உகாண்டாவில் தங்கியுள்ள தென்சூடான் அகதிப் பெண்களுக்கு, ஒலிப்பதிவைக் கொண்டு குழுவாக நடத்திய பயிற்சியும் 2020இல் அவ்வாறே மதிப்பிடப்பட்டது.

தடுப்பூசிகளில் கேள்வி தவணையைப் பற்றியது. காலரா தடுப்பூசி இரண்டு தவணைக்கு உரியது. இருப்பு குறைந்ததால் 2022 அக்டோபர் முதல் பரவல்களில் ஒரு தவணை மட்டுமே தரப்படுகிறது. 2015இல் தென்சூடானின் ஜூபாவில் ஒரு தவணையே குறுகிய காலத்துக்கு நல்ல பாதுகாப்புத் தந்ததைப் பதிவுசெய்திருந்ததால்தான் அந்த முடிவை ஓரளவு துணிவோடு எடுக்க முடிந்தது. ஹெப்படைட்டிஸ் ஈ என்னும் மஞ்சள் காமாலை அசுத்த நீரால் முகாம்களில் பரவுகிறது. கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகக் கடைசி மாதங்களில், அது உயிர்க்கொல்லி. அதற்கான தடுப்பூசி 2011இல் சீனாவில் அனுமதி பெற்றது. பரவலைத் தடுக்க அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது 2022இல், தென்சூடானின் பெந்தியு முகாமில். 16 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்கு, கருவுற்ற பெண்கள் உட்பட, போடப்பட்டது. முழுப் பாதுகாப்புக்கு ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று தவணைகள் வேண்டும். வெள்ளத்தாலும் சண்டையாலும் அடிக்கடி இடம் மாறும் குடும்பங்கள் மூன்றாம் தவணைக்கு அதே இடத்தில் இருக்க வாய்ப்பில்லாதபோது, முதல் இரண்டு தவணைகளே ஒரு பரவலைத் தாண்டிச் செல்லப் போதுமா என்பதை அங்கே ஊசி போட்டவர்களைத் தொடர்ந்து கவனித்துத்தான் அறிய முடியும்.